இருட்டில் நடந்த மோதல்: கருந்துளைகள் இணைவதை அளப்பது எப்படி?

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம் 45 நொடிக்கு ஓர் ஈர்ப்பு அலை பூமியைக் கடந்து சென்றது. அமெரிக்காவில் இருந்த இரண்டு கருவிகளில் அது பதிவானது என்பதால் அமெரிக்காவை மட்டும் அது தொட்டுச் சென்றதாகப் பொருளில்லை. பூமி முழுவதையும் ஊடுருவித்தான் அது சென்றது. தருமபுரிப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தவர்களின் உடலும், கிருஷ்ணகிரி அணையின் மதகும், பள்ளிகளில் கடைசிப் பாடவேளை நடந்துகொண்டிருந்த வகுப்பறைகளின் சுவரும் அந்தக் கணத்தில் நீண்டு சுருங்கின. எவ்வளவு நீண்டன என்றால், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரம், அதிகபட்சமாக ஒரு புரோட்டானின் குறுக்களவில் நாற்பதில் ஒரு பங்கு மாறியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடிப் பதிவை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் அறிவித்தது இது: சூரியனைப் போல் 36 மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையும் 29 மடங்கு நிறையுள்ள மற்றொரு கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி, ஒன்றாக இணைந்து, 62 மடங்கு நிறையுள்ள ஒரே கருந்துளையாயின, அது நடந்த இடம் இங்கிருந்து சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. எங்கள் வட்டாரப் பள்ளிகளில் இதைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “வெளிச்சமே வராத பொருளை, அவ்வளவு தூரத்தில இருக்கறத, எப்படி சார் எடை போட்டாங்க?” ஐன்ஸ்டைன் சொன்னது சரியென்று நிரூபணமாகிவிட்டது என்ற செய்தியோடு பெரும்பாலான கட்டுரைகள் நிறைவடைந்துவிடுகின்றன. அந்த மாணவர் கேட்பது அதைவிட நல்ல கேள்வி என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான விடை.

கருந்துளை என்பது வானத்தில் விழுந்த ஓட்டை அன்று. மிகப் பெரிய விண்மீன் ஒன்று தன் எரிபொருளை எரித்து முடித்த பிறகு, அதன் நடுப்பகுதி தன் சொந்த எடையைத் தாங்க மாட்டாமல் உள்நோக்கி நொறுங்குகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிந்து முடிந்த விண்மீனின் கரு சூரியனைப் போல் 1.4 மடங்குக்கு மேல் நிறையுடையதாக இருந்தால் பூமியளவுக்குச் சுருங்கி அடங்கும் வெண்குறு விண்மீனாக நிலைத்திருக்க முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார். அதற்கு மேற்பட்டவை இன்னும் மிகச் சிறிதாக நெருங்கிய நியூட்ரான் விண்மீனாகலாம், அதையும் மீறிய நிறையுள்ளவை நொறுங்குவதை நிறுத்த நமக்குத் தெரிந்த விசை எதுவும் இல்லை. அப்படி நொறுங்கிய நிறையைச் சுற்றி ஓர் எல்லை உருவாகிறது. அந்த எல்லைக்குள் சென்ற ஒளி திரும்பி வெளியே வர முடியாது. சுழலாத கருந்துளைக்கு அந்த எல்லையின் ஆரத்தைக் கணக்கிடுவது எளிது: ஒரு சூரிய நிறைக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஆகவே 36 சூரிய நிறையுள்ள கருந்துளையின் ஆரம் சுமார் 106 கிலோமீட்டர், குறுக்களவு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான். அந்தச் சாலை நீளத்துக்குள் 36 சூரியன்கள் அடங்கியிருக்கின்றன.

கருந்துளை அருகிலுள்ளவை எல்லாவற்றையும் உறிஞ்சி இழுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், பூமி குளிர்ந்து இருண்டுவிடும். ஆனால் இப்போது சுற்றும் அதே பாதையில் அதே 365 நாளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எல்லையை நெருங்கினால்தான் விசித்திரங்கள் தொடங்கும். இரண்டு கருந்துளைகளும் அப்படியே: தொலைவில் இருக்கும்வரை சாதாரண இரட்டை விண்மீன்களைப் போல் ஒன்றையொன்று அமைதியாகச் சுற்றுகின்றன.

பிறகு அவை ஏன் நெருங்குகின்றன? இங்கேதான் ஈர்ப்பு அலை வருகிறது. 1915இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி, நிறையுள்ள பொருள் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை வளைக்கிறது. அந்த வளைவையே நாம் ஈர்ப்பு என்று உணர்கிறோம். நிறைகள் இடம் மாறிச் சுழலும்போது அந்த வளைவும் மாற வேண்டும். அந்த மாற்றம் எல்லா இடத்துக்கும் உடனே போய்ச் சேராது, ஒளியின் வேகத்தில் வெளிநோக்கிப் பரவும். அப்படிப் பரவும் மாற்றமே ஈர்ப்பு அலை என்று 1916இல் அவர் எழுதினார். 1936இல் அவருக்கே அதில் சந்தேகம் வந்து, அப்படி ஓர் அலை இல்லை என்று ஒரு கட்டுரை எழுதிப் பிறகு மாற்றிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். இயற்பியலாளர்களுக்கே நெடுங்காலம் தெளிவாகாத விஷயம் இது. முழுமையான உருண்டை ஒன்று தன் அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் ஈர்ப்பு அலை பிறக்காது. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பொருள்களிலிருந்து பிறக்கும். நாம் சூரியனைச் சுற்றுவதாலும் பிறக்கிறது, ஆனால் பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை.

அலை ஆற்றலைக் கொண்டுசெல்கிறது. அந்த ஆற்றல் சுற்றுப்பாதையிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். ஆகவே சுற்றுப்பாதை சுருங்குகிறது. சுருங்கியதால் சுற்றும் வேகம் கூடுகிறது. வேகம் கூடியதால் அலை வலுக்கிறது. அலை வலுத்ததால் பாதை இன்னும் விரைவாகச் சுருங்குகிறது. முடிவு நெருங்க நெருங்க எல்லாம் தலைதெறிக்க ஓடும் இந்தப் போக்கை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும். இது வெறும் கணக்காக மட்டும் இருந்ததில்லை. 1974இல் ரஸ்ஸல் ஹல்ஸ், ஜோசப் டெய்லர் இருவரும் கண்டுபிடித்த இரட்டை நியூட்ரான் விண்மீன்கள் ஏழே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்தச் சுற்றுப்பாதை ஆண்டுதோறும் சுருங்கும் அளவு ஐன்ஸ்டைனின் கணக்கோடு பொருந்தியது. அதற்காக இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. அலை இருக்கிறது என்பதற்கு அது மறைமுகச் சான்று. அலையையே பிடித்தது 2015இல்தான்.

நம் அண்டை மாவட்டமான திருப்பத்தூரின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில், 2.3 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியைக் கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அதைப் போன்ற தொலைநோக்கி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இணையும் கருந்துளைகளைக் காட்டாது, ஏனென்றால் சுற்றிலும் வாயுவோ தூசியோ இல்லாத கருந்துளைகள் மோதும்போது ஒளி எதுவும் எழுவதில்லை. ஆகவே ஒளியைச் சேர்க்கும் கருவிக்குப் பதிலாக, நீளத்தை அளக்கும் கருவி தேவைப்பட்டது.

ஈர்ப்பு அலை ஓரிடத்தைக் கடக்கும்போது அங்கே ஒரு திசையில் தூரம் நீள்கிறது, அதற்குச் செங்குத்தான திசையில் குறைகிறது. அரை அலை கழிந்ததும் இது தலைகீழாகிறது. அமெரிக்காவில் இரண்டு இடங்களில் உள்ள லைகோ என்னும் கருவி இந்த ஏற்றத்தாழ்வை அளக்கவே ஆங்கில ‘எல்’ எழுத்தின் வடிவில் கட்டப்பட்டது. ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம். மூலையில் ஒரு லேசர் கற்றை இரண்டாகப் பிரிந்து இரு கைகளிலும் சென்று, முனையில் தொங்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு கையிலும் சுமார் 300 முறை போய்த் திரும்பிய பிறகு இரண்டு கற்றைகளும் மூலையில் சேர்கின்றன. இரு கைகளும் மிகச் சரியாக ஒரே நிலையில் இருந்தால் ஒரு கற்றையின் முகடும் மற்றதன் பள்ளமும் ஒன்றையொன்று அழித்து, ஒளி உணரி இருண்டிருக்கும். ஒரு கை இம்மியளவு நீண்டாலும் அழிப்பு முழுமையாகாமல் சிறிது ஒளி கசியும். அந்தக் கசிவுதான் அளவீடு. 2015இல் வந்த அலையின் உச்ச வலிமை, ஒன்றுக்குப் பின் இருபத்தொரு பூஜ்யங்கள் கொண்ட எண்ணால் ஒன்றை வகுத்தால் கிடைக்கும் அளவு. 4 கிலோமீட்டர் கையில் அது ஒரு புரோட்டானின் அகலத்தில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு.

இவ்வளவு நுண்ணிய மாற்றத்தை அளக்கும் கருவிக்குப் பூமியே பகை. தொப்பூர் கணவாயில் வரிசையாக இறங்கும் லாரிகளையும், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் வெடி வைக்கும்போது சன்னல் நடுங்குவதையும் அறிந்த நமக்கு, அப்படிப்பட்ட இடத்தில் லைகோவைக் கட்ட முடியாது என்பதை விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் அமைதியான இடங்களைத் தேர்ந்தும் தொல்லை விடவில்லை: லூசியானா மாநில லிவிங்ஸ்டனில் மரம் வெட்டுவதும் ரயில் ஓடுவதும் தரவில் தெரிகின்றன. ஆகவே ஒவ்வொரு கண்ணாடியும் 40 கிலோ எடையுள்ள தூய சிலிக்காக் கட்டியாக, 34 சென்டிமீட்டர் குறுக்களவோடு, நான்கு அடுக்கு ஊசல் ஒன்றின் கடைசி அடுக்கில் தொங்குகிறது. அந்தக் கடைசி அடுக்கைத் தாங்குபவை 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு கண்ணாடி இழைகள். உலோகக் கம்பியாக இருந்தால் அதன் அணுக்களின் வெப்ப நடுக்கமே அளவீட்டைக் கெடுத்துவிடும். லேசர் செல்லும் குழாய்கள் கிட்டத்தட்ட முழு வெற்றிடத்தில் உள்ளன. இவ்வளவுக்குப் பிறகும், வாஷிங்டன் மாநில ஹான்ஃபோர்டில் விளக்கமில்லாத ஓர் இரைச்சல் தரவில் தலைகாட்டியபோது தேடிப் பார்த்ததில், திரவ நைட்ரஜன் குழாயின் மேல் படிந்த உறைபனியை அண்டங்காக்கைகள் கொத்தியதுதான் காரணம் என்று தெரிந்தது. பனியில் அலகுத் தடங்கள் இருந்தன.

ஒரே இடத்தில் ஒரு கருவி மட்டும் இருந்தால் எதையும் நம்ப முடியாது என்பதற்கு அந்தக் காக்கைகளே போதும். ஹான்ஃபோர்டும் லிவிங்ஸ்டனும் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. ஒளியின் வேகத்தில் செல்லும் அலை ஒன்றிலிருந்து மற்றதற்கு அதிகபட்சம் 10 மில்லி நொடியில் போய்ச் சேர வேண்டும். 2015 செப்டம்பர் அலை முதலில் லிவிங்ஸ்டனையும், 7 மில்லி நொடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஹான்ஃபோர்டையும் அடைந்தது. இரண்டிலும் ஒரே வடிவம்.

இனி எடை போடும் கதைக்கு வருவோம். பதிவான அலையில் முதலில் நொடிக்கு 35 அதிர்வுகள் இருந்தன. சுமார் எட்டு அலைகளுக்குள் அது 150ஆக உயர்ந்தது. கூடவே அலையின் உயரமும் வளர்ந்து, உச்சம் தொட்டு, சட்டென்று அடங்கியது. தாழ்வாகத் தொடங்கிக் கீச்சென்று மேலேறி முடியும் ஒலியைப் போன்ற இந்த ஏற்றத்தில் இரண்டு செய்திகள் உள்ளன: ஒன்று அதிர்வெண், மற்றொன்று அந்த அதிர்வெண் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பது. எடை மிகுந்த இணைகள் ஆற்றலை வேகமாக இழப்பதால் விரைந்து ஏறி முடிந்துவிடும். எடை குறைந்தவை நிதானமாக ஏறும். 2017 ஆகஸ்ட் 17இல் பதிவான இரட்டை நியூட்ரான் விண்மீன்களின் அலை கருவியின் எல்லைக்குள் சுமார் 100 நொடி நீடித்தது. கருந்துளைகளுடையதோ ஐந்தில் ஒரு பங்கு நொடி. எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று அளந்து, ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் இட்டால், இரு நிறைகளின் ஒரு குறிப்பிட்ட சேர்க்கை கிடைக்கிறது. 2015 அலைக்கு அது சுமார் 30 சூரிய நிறை. அந்தச் சேர்க்கை 30 ஆக இருக்க வேண்டுமானால், இரண்டு நிறைகளையும் எப்படிப் பங்கிட்டாலும் கூட்டுத்தொகை ஏறத்தாழ 70 சூரியன்களுக்குக் குறையக் கூடாது.

அடுத்த படியைப் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை வைத்துக்கொண்டே யாரும் போட்டுப் பார்க்கலாம். செய்து பார்த்தவர்களின் முகத்தில் தோன்றும் வியப்புக்காகவே இதை நான் விடுவதில்லை. இணை அரைச் சுற்று சுற்றினாலே பார்ப்பதற்குப் பழையபடி ஆகிவிடுவதால், ஒரு சுற்றுக்கு இரண்டு அலைகள் பிறக்கின்றன. ஆகவே உச்சத்தில் 150 அதிர்வு என்றால் அவை நொடிக்கு 75 முறை சுற்றியிருக்கின்றன. 70 சூரிய நிறையுள்ள இரண்டு பொருள்கள் நொடிக்கு 75 முறை சுற்ற வேண்டுமானால் அவற்றின் இடைவெளி என்ன? கெப்ளரின் மூன்றாம் விதி: மொத்த நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, கோண வேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, கனமூலம் எடுக்க வேண்டும். கோண வேகம் 75ஐ இரண்டு பையால் (2π) பெருக்கினால் வரும் 471. விடை சுமார் 350 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு செல்லும் சாலையின் நீளம் அது.

இந்த ஒரு விடையிலேயே பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடுகின்றன. சூரியனின் குறுக்களவே கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர். அப்படிப்பட்ட விண்மீன்கள் 350 கிலோமீட்டர் இடைவெளியில் சுற்ற முடியாது, அதற்கு வெகு முன்பே ஒன்றோடொன்று உரசிக் கலந்திருக்கும். பூமியளவு பருமனுள்ள வெண்குறு விண்மீன்களும் இடம் போதாமல் விலக வேண்டியவையே. நியூட்ரான் விண்மீன் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் குறுக்களவில் அடங்கும் என்பதால் இடப் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் நிறை சூரியனைப் போல் இரண்டு மடங்கை ஒட்டியே நின்றுவிடும், இரண்டு சேர்ந்தாலும் 70ஐ எட்டாது. ஒன்று நியூட்ரான் விண்மீன், மற்றது கருந்துளை என்று வைத்தால், அந்தக் கருந்துளை மிகப் பெரியதாக இருக்க வேண்டும். அப்போது இணைவு இதைவிடத் தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே முடிந்துபோயிருக்கும். 70 சூரிய நிறைக்குரிய இரு கருந்துளைகளின் ஆரங்களைக் கூட்டினால் சுமார் 210 கிலோமீட்டர் வருகிறது, அது 350க்குள் அடங்குகிறது. எஞ்சியிருப்பது இரட்டைக் கருந்துளை மட்டுமே. எந்தத் தொலைநோக்கியும் காணாத பொருள்களை இன்னவை என்று அடையாளம் காட்டியது இந்த விலக்கல் முறைதான்.

தனித்தனி நிறைகளான 36, 29 என்ற எண்கள் அலையின் நுணுக்கமான வளைவுநெளிவுகளிலிருந்து வருபவை. அவற்றைப் பெறக் கணினியில் ஐன்ஸ்டைனின் முழுச் சமன்பாட்டையும் தீர்க்க வேண்டியிருந்தது. இரண்டு கருந்துளைகள் சுற்றி இணைவதைக் கணினியில் முதன்முதலாக முழுமையாக நடத்திக் காட்டியவர் ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ், ஆண்டு 2005. பேரண்டம் விரிவதால் அலை வழியில் சற்று நீண்டு வருகிறது. அதைத் திருத்திய பிறகே 70 என்பது 65 ஆகிறது. தூரம் கிடைப்பது இன்னும் நேரடியானது: நிறைகள் தெரிந்தால் அலை புறப்பட்டபோது எவ்வளவு வலிமையோடு இருந்தது என்று கணக்கிடலாம், இங்கே எவ்வளவு வலிமையோடு வந்து சேர்ந்தது என்பதைக் கருவி சொல்கிறது, இரண்டையும் ஒப்பிட்டால் தூரம். ஒளியின் பொலிவு தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைகிறது; ஈர்ப்பு அலையின் உயரமோ தூரத்துக்கேற்ப மட்டுமே குறைகிறது. கருவியின் கூர்மையை இரட்டிப்பாக்கினால் எட்டும் தூரம் இரட்டிப்பாகும், ஆகவே ஆராயக்கூடிய வெளியின் கன அளவு எட்டு மடங்காகும்.

36ஐயும் 29ஐயும் கூட்டினால் 65, மிஞ்சியதோ 62. எஞ்சிய 3 சூரிய நிறை முழுவதும் அலையாக வெளியேறிவிட்டது. சூரியன் நொடிக்கு சுமார் 40 லட்சம் டன் நிறையை ஒளியாக மாற்றிக்கொண்டிருந்தாலும், தன் வாழ்நாள் முழுவதும் எரிந்தும் தன் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அப்படிச் செலவிடாது. இந்த இணைவின் உச்சக் கணத்தில் வெளிப்பட்ட திறன், காணக்கூடிய பேரண்டத்தின் எல்லா விண்மீன்களும் சேர்ந்து வீசும் ஒளியின் திறனைவிட அதிகம். அதில் ஒரு துளி ஒளிகூட இல்லை.

இந்த அலை தற்செயலான இரைச்சல் அன்று என்பது எப்படித் தெரியும்? போச்சம்பள்ளிச் சந்தையில் நூற்றுக்கணக்கான மாடுகளின் மணியோசைக்கு நடுவே தன் மாட்டின் மணியை உடையவர் பிரித்தறிவது, அந்த ஓசை அவர் மனத்தில் முன்பே பதிந்திருப்பதால்தான். லைகோவின் கணினிகளிலும் அப்படியே லட்சக்கணக்கான அலை வடிவங்கள், ஒவ்வொரு நிறைச் சேர்க்கைக்கும் ஒன்றாக, முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கப்பட்டுள்ளன. வரும் தரவோடு ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்க்கிறார்கள். இந்த முறையை இரட்டை விண்மீன் அலைகளுக்கு வகுத்துக் கொடுத்ததில் புனேயைச் சேர்ந்த சஞ்சீவ் துரந்தருக்கும் பி.எஸ். சத்யபிரகாஷுக்கும், அலை வடிவங்களைத் துல்லியமாகக் கணக்கிட்டதில் பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தின் பாலா ஐயருக்கும் முக்கியப் பங்குண்டு.

பொருத்தம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. தற்செயலாக அப்படி ஒரு பொருத்தம் எத்தனை முறை நேரும் என்று அறிய ஓர் எளிய உத்தியைக் கையாண்டார்கள்: ஒரு கருவியின் தரவை மற்றதன் தரவோடு ஒப்பிடும்போது வேண்டுமென்றே நேரத்தை நகர்த்திவிடுவது. நகர்த்தல் 10 மில்லி நொடியைவிட அதிகமாக இருந்தால், அதன்பின் இரண்டிலும் ஒரே நேரத்தில் தெரியும் எதுவும் உண்மை அலையாக இருக்க முடியாது. வெவ்வேறு அளவில் நகர்த்தி நகர்த்தி, 16 நாள் தரவையே ஆறு லட்சம் ஆண்டுத் தரவுக்கு ஈடாக்கினார்கள். அவ்வளவிலும் அந்தச் செப்டம்பர் அலைக்கு இணையாக ஒன்றும் தென்படவில்லை. இதிலிருந்து, தற்செயலாக அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவு என்று அறிவித்தார்கள். 2016 பிப்ரவரி 11இல்தான் செய்தியை உலகுக்குச் சொன்னார்கள். இடையிலிருந்த ஐந்து மாதங்களும் இப்படிச் சந்தேகப்படுவதிலேயே கழிந்தன. ரெய்னர் வைஸ், பாரி பேரிஷ், கிப் தார்ன் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அலையின் கடைசிச் சில மில்லி நொடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணைந்த உடனே புதிய கருந்துளை ஒழுங்கான வடிவில் இருப்பதில்லை; அது அதிர்ந்து, அந்த அதிர்வு விரைவில் தேய்ந்து, அமைதியடைகிறது. அந்தத் தேய்வின் அதிர்வெண்ணும் அது தேயும் வேகமும் கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே சார்ந்தவை. இத்தகைய தேயும் அதிர்வை 1970இல் கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூருவில் பிறந்த சி.வி. விஸ்வேஸ்வரா, ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளிகள் சுற்றுலா அழைத்துச் செல்லும் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநரும் அவரே. தாம் தாளில் எழுதிய அதிர்வு தரவில் தெரிவதைக் காண அவர் உயிரோடு இருந்தார். 2017 ஜனவரியில் மறைந்தார்.

2025 ஜனவரி 14இல் பதிவான மற்றோர் அலை இதே வகை நிறைகளுடையது, ஆனால் பத்தாண்டுகளில் கருவிகள் மேம்பட்டதால் பல மடங்கு தெளிவாக இருந்தது. கருந்துளைகள் இணைந்தால் அவற்றின் எல்லைப் பரப்பு ஒருபோதும் குறையாது என்று 1971இல் ஸ்டீபன் ஹாக்கிங் கூறியிருந்ததை அதைக் கொண்டு சோதித்தார்கள். இணைவதற்கு முன் இரண்டின் மொத்தப் பரப்பு சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். இணைந்த பின் சுமார் 4,00,000. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டர் என்பதை அருகில் வைத்துப் பார்க்கலாம். நிறை குறைந்தும் பரப்பு கூடியிருக்கிறது.

இத்தாலியில் பீசா நகருக்கு அருகிலுள்ள விர்கோவும், ஜப்பானில் காமியோகா சுரங்கத்தில் நிலத்தடியில் அமைந்த காக்ராவும் இப்போது லைகோவோடு சேர்ந்து இயங்குகின்றன. முதல் மூன்று அவதானிப்புச் சுற்றுகளில் 90 நிகழ்வுகள் பதிவாயின. 2025இல் வெளிவந்த பட்டியலோடு எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. அவற்றுள் விடை தெரியாத சிலவும் உள்ளன. விண்மீன் நொறுங்குவது பற்றிய கோட்பாட்டின்படி, சூரியனைப் போல் சுமார் 60 முதல் 130 மடங்கு நிறையுள்ள கருந்துளை நேரடியாகப் பிறக்கக் கூடாது, ஏனெனில் அத்தகைய விண்மீன் எதையும் மிச்சம் வைக்காமல் வெடித்துச் சிதறிவிடும். ஆனால் 2019 மே 21இல் வந்த அலை 85, 66 என்ற நிறைகளைக் காட்டியது. முன்பே ஒரு முறை இணைந்து பிறந்த கருந்துளைகள் மீண்டும் இணைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நம்பத் தகுந்ததாகத் தோன்றுகிறது. இத்துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

திசையை அறிவதில்தான் இன்னும் குறை. இரண்டு கருவிகளின் நேர வேறுபாடு வானத்தில் ஒரு வளையத்தை மட்டுமே காட்டும், புள்ளியைக் காட்டாது. மூன்றாவதும் நான்காவதும் சேரச் சேர வளையங்கள் வெட்டிக்கொண்டு இடம் குறுகும். அதற்காகவே மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டம் ஔந்தா நாகநாத் அருகே லைகோ-இந்தியா அமையவுள்ளது. 2016 பிப்ரவரியில் கொள்கையளவில் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய் செலவில் முழு ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து இவ்வளவு தொலைவில் ஒரு கருவி இருப்பதால் நேர வேறுபாடு பெரிதாகும், திசையும் கூர்மையாகும்.

2015 அலையின் மூலத் தரவு இணையத்தில் அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. பைதான் நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர் எவரும் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ இருந்தபடி ஒரு சாதாரண மடிக்கணினியில் அதைத் தரவிறக்கிப் பார்க்கலாம். முதலில் வெறும் இரைச்சல்தான் தெரியும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 350 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளவற்றை வடிகட்டி, அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் கோட்டையும் அதன் மடங்குகளையும் நீக்கினால், அந்த எட்டு அலைகள் கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டு கருவிகளின் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க விரும்புவோர் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும்: ஹான்ஃபோர்டின் கோட்டை 6.9 மில்லி நொடி முந்தைய நேரத்துக்கு நகர்த்த வேண்டும், கூடவே அதைத் தலைகீழாகவும் திருப்ப வேண்டும், ஏனெனில் இரு கருவிகளின் கைகளும் வெவ்வேறு திசைகளை நோக்கிக் கட்டப்பட்டவை.